சதுரங்கப் பலகை அரிசிக் கணக்கில் 641 எங்கிருந்து வந்தது?

அரிசிக்கடை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் அரிசிக் கடை நடத்துகிறேன். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரைதான், ஆனால் கணக்கு எனக்கு உயிர். எட்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் சதுரங்கம் கற்று வருகிறாள். கோடை விடுமுறையில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்குப் போயிருந்தோம். பால்பாயசத்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தலக் கதையைச் சொன்னார். கண்ணன் முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடி வென்றான், பரிசாக முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொன்னான், களஞ்சியம் வற்றிப்போனது, மிச்சக் கடனைத்தான் இன்றும் பாயசமாகக் கொடுத்து வருகிறார்கள் என்பது கதை.

ஊர் திரும்பிய மறுநாளே மகள் கடைக்கு வந்துவிட்டாள். "அம்மா, நம் கடை இருப்பை வைத்து எத்தனையாவது கட்டம் வரை கொடுக்கலாம்?" என்று கேட்டாள். பொன்னி அரிசியில் ஆயிரம் மணியை எண்ணித் தராசில் வைத்தோம், 16 கிராம். அன்று 25 கிலோ சிப்பம் 400 இருந்தது. 21 ஆம் கட்டத்துக்கு 10,48,576 மணி, ஏறக்குறைய 17 கிலோ. 22 ஆம் கட்டத்துக்கு ஒரு சிப்பம் போதவில்லை. 29 ஆம் கட்டம் வரை சேர்த்துக் கொடுத்ததில் 344 சிப்பம் போயிற்று. 30 ஆம் கட்டம் மட்டும் இன்னொரு 344 சிப்பம் கேட்டது. அதோடு நம் கடை முடிந்தது.

64 கட்டங்களின் மொத்தத்தைக் கால்குலேட்டர் முழுதாகக் காட்டவில்லை. ஆகவே பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கையாலேயே இரட்டித்துப் போட்டோம். வந்த எண் 18446744073709551615. நம் வழக்கில் சொன்னால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. எங்கள் பொன்னிக் கணக்கில் சுமார் 29,500 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் என்பதால், ஐந்நூறு ஆண்டு விளைச்சலையும் தாண்டிவிடும்.

இனிதான் என் கேள்வி. கடைசி இலக்கம் 5, எனவே ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, எனவே மூன்றாலும் வகுபடும். இவ்வளவும் மகளே கண்டாள். மேற்கொண்டு போக வழி தெரியாமல் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனிடம் கேட்டோம். அவன் கணினியில் போட்டு அனுப்பிய பகாக் காரணிகள் இவை: 3, 5, 17, 257, 641, 65537, 6700417.

3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தையும் பார்த்தவுடன் எனக்குப் பிடிபட்டது. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம். அடுத்தது 4294967296 ஆக வேண்டும். அதனுடன் ஒன்று கூட்டினால் 4294967297. அது பட்டியலில் இல்லை. அதன் இடத்தில் 641 உம் 6700417 உம் நிற்கின்றன. இரண்டையும் பெருக்கினேன். 4294967297 வந்தது! ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து முறை முழுதாக நின்றது ஆறாவது முறை ஏன் உடைந்தது? அதுவும் 641 என்ற எண்ணால் ஏன்? கணினி இல்லாத காலத்தில் இதை யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா?


இரும எண் எழுதியது:

அக்கா, நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் எண் எங்களுக்குத் தினமும் கண்ணில் படுவது. இரும முறையில் எழுதினால் அடுத்தடுத்து 64 ஒன்றுகள். கணினியில் 64 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 64 இலக்கங்களில், கழித்தல் குறி இல்லாமல் வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். இதனுடன் ஒன்றைக் கூட்டினால் அந்த இடம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். உங்கள் ஏழு காரணிகளில் ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128.

641 பற்றிக் கேட்டீர்கள். பெரிய எண் என்றால் எங்கேயாவது ஒரு காரணி கிடைக்கத்தான் செய்யும். அதற்குத் தனிக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினி இல்லாத காலத்தில் இதைக் கண்டவர் ஆய்லர் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை. அவரும் சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தே கண்டிருப்பார்.


அரிசிக்கடை எழுதியது:

நன்றி தம்பி. ஆனால் மனம் ஒப்பவில்லை. மகளும் நானும் பகா எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தோம். 641 என்பது 116 ஆவது பகா எண். பத்து இலக்க எண்ணை 116 முறை கையால் வகுப்பது முடியாத வேலை அல்ல. ஆனால் எங்கே முடியும் என்று தெரியாமல் ஒருவர் அதைத் தொடங்குவாரா?


ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்து ஓய்வு பெற்றேன். இப்போது கேட்டிருக்கிறீர்கள், நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் பலகையைப் பாருங்கள். முதல் இரண்டு கட்டங்களில் 1+2, அதாவது 3. அடுத்த இரண்டு கட்டங்களில் இருப்பது அதைப்போல் நான்கு மடங்கு. எனவே நான்கு கட்டங்களில் 3 × (1+4) = 3 × 5. முதல் வரிசை முழுவதும் 3 × 5 × 17 = 255. இரண்டு வரிசைக்கு அதை 257 ஆல் பெருக்குங்கள். நான்கு வரிசைக்கு, அதாவது பாதிப் பலகைக்கு, 65537 ஆல் பெருக்குங்கள். பாதிப் பலகையின் மொத்தம் 4294967295. மறு பாதி இதைப்போல் 4294967296 மடங்கு. ஆகவே முழுப் பலகை = 4294967295 × 4294967297. நீங்கள் கண்ட ஆறு எண்களும் இப்படிப் பலகையைப் பாதி பாதியாகச் சேர்க்கும்போது வருபவை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ற அறிஞர் இந்த மொத்தத்தைக் கணக்கிட்டபோது 16 ஐ நான்கு முறை வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தார். நீங்கள் பார்த்த அதே ஏணியில் அவர் ஏறினார். காரணி கேட்டு நீங்கள் இறங்குகிறீர்கள்.

அந்த ஆறு எண்களுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். பியேர் டி ஃபெர்மா பிரான்சில் வழக்குமன்றப் பதவியில் இருந்துகொண்டு கணிதம் செய்தவர். 3, 5, 17, 257, 65537 என்று முதல் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, இப்படி வருபவை எல்லாமே பகா எண்கள் என்று 1640 இல் கடிதங்களில் எழுதினார். நிரூபிக்க அவரால் முடியவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், இளைஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், ஃபெர்மாவின் இந்தக் கூற்றைத் தெரியுமா என்று கேட்டார். (இராமானுஜனால் நமக்குப் பழகிய 1729 இங்கே ஆண்டாக வந்து நிற்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.) 1732 இல், தம் இருபத்தைந்தாம் வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர் 4294967297 ஐ 641 மீதியின்றி வகுக்கிறது என்று அறிவித்தார். 92 ஆண்டுகள் நின்ற நம்பிக்கை ஒரு வகுத்தலில் விழுந்தது.

இனி 641. உங்கள் தொழில் மொழியிலேயே சொல்கிறேன். ஏதோ ஒரு பகா எண் 4294967297 ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்கு அத்தனை மணி என்று ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் தனித்தனியாகப் பொட்டலம் போட்டு, மிஞ்சுவதை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். 33 ஆம் கட்டத்தில் 4294967296 மணி. கடைசிப் பொட்டலம் நிறைய ஒரே ஒரு மணி குறையும். அதைக் கழித்தல் ஒன்று என்று குறியுங்கள். 65 ஆம் கட்டம் ஒன்று இருந்தால் அங்கே இருப்பது 33 ஆம் கட்டத்தின் வர்க்கம். கழித்தல் ஒன்றைக் கழித்தல் ஒன்றால் பெருக்கினால் ஒன்று. ஆக 65 ஆம் கட்டத்தில் மிஞ்சுவது 1. முதல் கட்டத்தில் மிஞ்சியதும் 1. மீதிகள் 64 அடி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டன. இதைவிடக் குறைந்த அடிகளில் ஒரு சுற்று முடிந்திருக்குமா? முடியாது. அப்படி முடிந்திருந்தால், அந்தச் சுற்று 64 ஐ வகுக்கும் எண்ணாக, 32 அல்லது அதற்கும் கீழாக, இருக்க வேண்டும். 33 ஆம் கட்டத்திலேயே மீதி 1 ஆகியிருக்கும். அங்கே இருப்பதோ கழித்தல் ஒன்று.

இப்படிச் சுற்றும் மீதிகளுக்கு ஒரு விதி உண்டு. ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுக்கும்போது, சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்ததை மீதியின்றி வகுக்கும். 17 ஐ எடுங்கள். இரட்டிக்க இரட்டிக்க மீதிகள் 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. சுற்று எட்டு, 17 இல் ஒன்று குறைத்தால் 16, எட்டு பதினாறை வகுக்கிறது. நம் சுற்று 64. ஆகவே நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது 64 இன் மடங்காக இருந்தே தீர வேண்டும்.

64 இன் மடங்குகளோடு ஒன்று கூட்டுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 116 வகுத்தல் ஐந்தாகச் சுருங்கிவிட்டது. 1732 கட்டுரையில் ஆய்லர் வழியைச் சொல்லவில்லை. காரணிகளின் இந்த வடிவத்தைப் பின்னாளில் எழுதிய கட்டுரையில் நிறுவினார். என் மனத்தைத் தொடுவது வேறொன்று. மீதிச் சுற்றைப் பற்றிய அந்த விதியைச் சொன்னவரும் ஃபெர்மாதான், அதே 1640 இல். தம் நம்பிக்கையைச் சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது.

வகுத்தலும் பெரிதல்ல. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். 65536 ஐ 641 ஆல் வகுத்தால் மீதி 154. அதன் வர்க்கம் 23716. அதை 641 ஆல் வகுத்தால் மீதி 640, ஒன்று குறைவு. அதுவே 33 ஆம் கட்டம். ஒரு மணி சேர்த்தால் பொட்டலம் நிறைந்துவிடும்.


அளவுகோல் எழுதியது:

ஐயா விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். கட்டட வரைபடம் போடுபவன் நான். பாதிப் பலகையின் மொத்தமான 4294967295 எங்கள் பக்கத்து எண். 1796 இல், பத்தொன்பது வயது நிறையாத காஸ் என்ற கணித மேதை, ஒழுங்கான 17 பக்க உருவத்தை அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும். அந்தப் பகா எண்கள் இன்றுவரை தெரிந்தவை 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. ஒற்றைப்படைப் பக்கங்களில் வரைய முடியும் என்று தெரிந்தவற்றுள் மிகப் பெரியது இது. பலகையின் 32 ஆம் கட்டத்தோடு நிறுத்தியிருந்தால், அரசன் கொடுத்த மணிகளின் எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட உருவத்தைக் காம்பஸால் வரைய வழி இருந்தது. 33 ஆம் கட்டத்தை வைத்த பிறகு இல்லை. அதைக் காட்ட, ஃபெர்மா பகா எண் அல்லாத 7 ஒன்றே போதும்: மும்மூன்று கட்டங்களாகச் சேர்த்தால் ஒவ்வொன்றும் 1+2+4 = 7 இன் மடங்கு, 33 மூன்றின் மடங்கு என்பதால் 33 கட்ட மொத்தம் ஏழால் வகுபடும்.


இரும எண் எழுதியது:

ஐயா, தவறாகச் சொல்லிவிட்டேன். அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் முதல் கேள்வி மிச்சம் இருக்கிறது. முதல் ஐந்தும் ஏன் உடையவில்லை?


ஓய்வாசிரியர் எழுதியது:

உடைக்கக்கூடிய எண்கள் அங்கே மிகக் குறைவு, தம்பி. 65537 ஐ எடுத்துக்கொள்வோம். அதே வாதப்படி அதன் காரணி 32 இன் மடங்கோடு ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். 256 ஐத் தாண்டாத வரை பார்த்தால் போதும். 33, 65, 97, 129, 161, 193, 225. பகா எண்கள் 97 உம் 193 உம் மட்டுமே. 97 ஆல் வகுத்தால் மீதி 62, 193 ஆல் வகுத்தால் மீதி 110. முடிந்தது, 65537 பகா எண். 4294967297 க்கு வரும்போது 65536 வரை தேட வேண்டும். 64 இன் மடங்குகளே அங்கு ஆயிரத்துக்கு மேல். உடைய வாய்ப்பு அப்போது கூடிவிடுகிறது. முதல் ஐந்தும் பகா எண்களாக அமைந்ததற்கு இதைத் தாண்டிய காரணத்தை யாரும் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஃபெர்மா எண்கூடப் பகா எண்ணாகக் கிடைக்கவில்லை.

அம்மா, உங்கள் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பெரிய எண்ணோடு இரண்டைக் கூட்டச் சொல்லுங்கள். 18446744073709551617. அதுதான் அடுத்த ஃபெர்மா எண். 1880 இல் பிரான்சில் லாந்திரி என்பவர் அதை உடைத்துக் காட்டினார். சிறிய காரணி 274177. ஒன்றைக் குறைத்தால் 128 இன் மடங்கு, சரிபார்க்கட்டும். பிறகு அரிசிப் பொட்டலம் போடட்டும்.


அரிசிக்கடை எழுதியது:

ஐயா, வணக்கம். நேற்று மாலை ரசீதுப் புத்தகத்தோடு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் எட்டரை மணிக்குத்தான் எழுந்தாள். நான் கடைச் சட்டரை இழுத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

274176 ஐ 128 ஆல் வகுத்தால் 2142, மீதி இல்லை. பொட்டலத்துக்கு 274177 மணி. 33 ஆம் கட்டத்து 4294967296 மணியில் 15664 பொட்டலம் போக மிஞ்சியது 258768. கடைசிப் பொட்டலம் நிறைய 15409 குறைகிறது. மிஞ்சியதன் வர்க்கம் பெரிதாக இருக்கும் என்பதால் குறைந்ததன் வர்க்கத்தை எடுத்திருக்கிறாள். இரண்டும் ஒரே மீதிதான் தரும் என்பதை உங்கள் கழித்தல் ஒன்றிலிருந்து தானே பிடித்துக்கொண்டாள். 15409 இன் வர்க்கம் 237437281. அதை 274177 ஆல் வகுத்தபோது முதலில் 865 முறை என்று போட்டு, பெரிய மீதி வந்ததும் பயந்து அழித்திருக்கிறாள். தாளில் அந்த இடம் தேய்ந்து கிழிந்திருக்கிறது. பிறகு 866 ஆல் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். 237437282.

ஒரு மணி குறைவு, ஐயா.